ஓடைக்கரையில் கண்ட பூச்சி எது? டிரவுட் தூண்டில்காரர் அடையாளம் காணும் முறை

நீலகிரியில் அவலாஞ்சிக்கு மேலே சோலைக்காட்டின் ஓரமாக இறங்கி வரும் ஓர் ஓடையின் கரையில், தூண்டில் நரம்பில் விழுந்த சிக்கலை அவிழ்த்துக்கொண்டிருந்த ஒரு மாலையில், என் சட்டைக் கையின் மீது சாம்பல் நிறப் பூச்சி ஒன்று வந்து உட்கார்ந்தது. அது ஒரு நெல்மணி நீளம்கூட இல்லை. மழை பெய்து ஓய்ந்திருந்த நேரம் என்பதால் ஈசல் என்று நினைத்துத் தட்டிவிடப் போனேன். ஆனால் ஈசலுக்கு வால் கிடையாது, இதற்கோ உடம்பைவிட நீளமான இரண்டு வால் இழைகள் இருந்தன. சிறகுகளைப் பாய்மரம்போல முதுகுக்கு மேலே நிமிர்த்தி, ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் முதுகு மெல்லப் பிளந்து, உள்ளிருந்து கண்ணாடிபோல் தெளிந்த சிறகுள்ள இன்னொரு பூச்சி வெளியே வந்தது. சிறகின் தோல் உட்பட முழுத் தோலையும் என் சட்டையிலேயே விட்டுவிட்டு அது பறந்து போவதற்குள், கைப்பேசியில் மூன்று படம் எடுக்க முடிந்தது. ஒரு பூச்சிக்குள்ளிருந்து இன்னொன்று வந்ததைப் பார்த்த எனக்கு, முதலில் அது ஒட்டுண்ணியாக இருக்குமோ என்றுதான் தோன்றியது.

அது மேஃப்ளை என்னும் நீர்ப்பூச்சி. சிறகு முளைத்துப் பறக்கத் தொடங்கிய பிறகும் இன்னொரு முறை தோலுரிக்கும் பூச்சி வகை உலகிலேயே இது ஒன்றுதான் என்பது பிறகு தெரிந்தது. அதாவது, அன்று நான் கண்ட அந்த ஒரு செயலே அதை அடையாளம் காணப் போதுமானதாக இருந்தது. நான்தான் அதை அடையாளமாகப் பார்க்காமல் அதிசயமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறியாத பூச்சி ஒன்றைக் கண்டால் எதைப் பார்க்க வேண்டும், எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதை, டிரவுட் பிடிக்கச் செல்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். டிரவுட் குளிர்ந்த மலையோடைகளில் பூச்சிகளைத் தின்று வாழும் மீன்; அது தின்னும் பூச்சியைப்போலவே தூண்டில் முள்ளில் கட்டிய போலிப்பூச்சியைக் காட்டித்தான் அதைப் பிடிக்கிறோம்.

நீலகிரியில் இந்த வேலை சற்றுக் கடினமாவதற்கு ஒரு காரணம் உண்டு. டிரவுட் இந்த மலைக்கு வந்தேறிய மீன். 1863ஆம் ஆண்டில் பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் அதைக் கொண்டுவர முயன்று தோற்றார், பிறகு எச். சி. வில்சன் என்பவரின் பொறுப்பில் 1907ஆம் ஆண்டில் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது, வானவில் டிரவுட் இங்கே நிலைத்தது. மீனோடு சேர்ந்து இங்கிலாந்தின் தூண்டில் நூல்களும், அவற்றில் உள்ள பூச்சிப் பட்டியல்களும், எந்த மாதத்தில் எந்தப் பூச்சி வெளிவரும் என்ற அட்டவணைகளும் வந்தன. பூச்சிகள் மட்டும் வரவில்லை. இங்குள்ள ஓடைகளில் டிரவுட் தின்பது இந்த மலையின் சொந்தப் பூச்சிகளை. இங்கிலாந்தின் பெரிய மேஃப்ளை மே மாதக் கடைசியிலும் ஜூனிலும் திரளாக எழும் என்று அந்த நூல்கள் சொல்வது அந்நாட்டு ஆறுகளுக்கு உண்மை; வெப்ப மண்டல மலைகளில் பல மேஃப்ளைகள் ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தலைமுறைகளை முடித்து, ஏறத்தாழ ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக வெளிவருகின்றன. மூணாற்றுக்கும், கொடைக்கானலுக்கும், இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளிக்கும் இதுவே பொருந்தும். ஆகவே வெளிநாட்டு அட்டவணையில் மாதத்தைத் தேடிப் பெயரை எடுத்து ஒட்டுவதை விட்டுவிட்டு, பூச்சியின் உடம்பைப் படிக்கக் கற்றுக்கொள்வதே இங்கே பயன்படும்.

சிற்றினத்தின் பெயர் வரைக்கும் போக வேண்டும் என்ற ஆசையையும் தொடக்கத்திலேயே கைவிடுவது நல்லது. மேற்குத் தொடர்ச்சி மலையின் நீர்ப்பூச்சிகளில் பலவற்றைச் சிற்றினம் வரை சொல்ல, அத்துறை அறிஞருக்கே நுண்ணோக்கியும் வளர்ந்த ஆண்பூச்சியும் தேவைப்படும். தூண்டில்காரருக்கு வரிசை, அதாவது மேஃப்ளை, கேடிஸ் என்பதுபோன்ற பெரும்பிரிவு, தெரிந்தால் போதும். அதற்குள் வரும் சிறுபிரிவான குடும்பமும் தெரிந்தால் மிகவும் நல்லது. மேஃப்ளையா, அந்துப்பூச்சிபோன்ற கேடிஸா, கல்லில் ஏறித் தோலுரிக்கும் ஸ்டோன்ஃப்ளையா, இரண்டே சிறகுள்ள ஈ வகையா, அல்லது நிலத்திலிருந்து தவறி விழுந்த பூச்சியா என்ற ஐந்து கேள்விகளுக்குள் பெரும்பாலான வேலை முடிந்துவிடும்.

கையை நீட்டுவதற்கு முன்

பூச்சியைக் கண்டவுடன் பிடிக்கத் தாவுவது இயல்பு. ஆனால் பிடித்த பிறகு கிடைக்காத செய்திகள் சில உண்டு. அது எங்கிருந்து வந்தது என்பதே முதல் செய்தி. நீர்மட்டத்தைக் கிழித்துக்கொண்டு மேலே எழுந்ததா, ஓடைநடுவிலுள்ள பாறையின் ஈரமான ஓரத்தில் ஊர்ந்து ஏறியதா, கரையோர மரத்திலிருந்து விழுந்ததா என்று பாருங்கள். ஸ்டோன்ஃப்ளை பொதுவாகக் கல்லின் மேல் ஏறித்தான் தோலுரிக்கும். ஆகவே பாறை ஓரத்தில் முதுகு பிளந்த வெற்றுத்தோல்கள் ஒட்டியிருந்தால், அது ஸ்டோன்ஃப்ளையாகவோ தும்பியாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். மேஃப்ளைகளில் பெரும்பாலானவை நீர்ப்பரப்பிலேயே சிறகு விரித்து, சிறிது தூரம் பொம்மைப் படகுபோல மிதந்து சென்று பிறகு எழும்பும்.

அடுத்தது பறக்கும் விதம். ஒரே இடத்தில் கூட்டமாக மேலே ஏறுவதும் கீழே மிதந்து இறங்குவதுமாக ஊஞ்சலாடினால் அது பெரும்பாலும் முதிர்ந்த மேஃப்ளை ஆண்களின் கூட்டம். திசையில்லாமல் தடுமாறி, அந்துப்பூச்சிபோல நீரை உரசி உரசிப் பறந்தால் கேடிஸ். கனத்த உடம்பைத் தூக்க முடியாமல், நான்கு சிறகுகளும் தனித்தனியே அடித்துக்கொள்வதுபோல நேராகவும் மெதுவாகவும் பறந்தால் ஸ்டோன்ஃப்ளை. மீன் இரைக்காக நீர்ப்பரப்புக்கு எழும் விதமும் துணைச்சான்று தரும்: தண்ணீரில் ஓசையே இல்லாமல் சிறு வளையம் மட்டும் விரிந்தால் மீன் சிறியதையோ செத்து மிதப்பதையோ உறிஞ்சுகிறது, தண்ணீர் தெறிக்கப் பாய்ந்தால் ஓடித் தப்பும் பூச்சியைத் துரத்துகிறது. இதை முடிவான சான்றாகக் கொள்ள வேண்டாம், ஆனால் குறித்துக்கொள்ளுங்கள்.

பறக்கும் பூச்சி கைக்கு அகப்படவில்லை என்றால் ஓடைமீதுள்ள சிறுபாலத்தின் கைப்பிடியையும், கரையோரப் புதர்களையும் பாருங்கள். அங்குள்ள சிலந்தி வலைகளில் நேற்றிரவு பறந்தவை அனைத்தும் பதிவாகி இருக்கும். இதைவிட எளிதான சேகரிப்பு முறை வேறு எதுவும் எனக்குத் தெரியாது. தங்கும் விடுதியின் வாசல் விளக்கடியில் விடியற்காலையில் பார்த்தாலும் கேடிஸ்கள் சுவரில் ஒட்டியிருக்கும்.

வால், சிறகு, கால், உணர்கொம்பு

பூச்சி கையில் கிடைத்ததும் நிறத்தைப் பார்க்காதீர்கள். நிறம் ஏமாற்றும், ஒரே பூச்சி நீரைவிட்டு வந்த முதல் மணி நேரத்திலேயே வெளிர்நிறத்திலிருந்து பழுப்புக்கு மாறலாம். எண்ணக்கூடியவற்றை முதலில் எண்ணுங்கள். கால் ஆறா எட்டா? எட்டென்றால் அது சிலந்தி வகை, இங்கே நமக்கு வேலையில்லை. சிறகு எத்தனை, ஓய்வில் அவற்றை எப்படி வைத்திருக்கிறது, வாலுண்டா, உணர்கொம்பு நீளமா குட்டையா என்ற நான்கும் சேர்ந்தால் வரிசை தெரிந்துவிடும்.

மேஃப்ளைக்குச் சிறகு மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும். அதை முதுகோடு மடித்து வைக்க அதனால் முடியாது. வால் இழைகள் இரண்டு அல்லது மூன்று, மெல்லியவை, நீளமானவை. உணர்கொம்பு மயிர்போலக் குட்டையானது; பலர் உணர்கொம்பு என்று நினைப்பது ஆண்பூச்சி முன்னால் நீட்டி வைத்திருக்கும் நீண்ட முன்கால்களை. பின்சிறகு மிகச் சிறியதாக இருக்கலாம், சிலவற்றில் இல்லாமலும் போகலாம். எனவே இரண்டே சிறகுதான் தெரிகிறது என்பதால் ஈ என்று முடிவு செய்துவிடக் கூடாது, வாலைப் பாருங்கள். சிறகு பனி படர்ந்த சன்னல்போல மங்கலாக இருந்தால் அது நீரைவிட்டு இப்போதுதான் வந்தது; தூண்டில்காரர்கள் அதை டன் என்பார்கள். தெளிந்து பளபளத்தால் கடைசித் தோலையும் உரித்துவிட்டது, அது ஸ்பின்னர். இந்த இரண்டு நிலையிலும் அது எதையும் தின்பதில்லை, வாயுறுப்புகள் பயனற்றுச் சுருங்கிப்போயிருக்கும்.

கேடிஸுக்கு வால் இல்லை. சிறகுகளைக் கூரை வேய்ந்ததுபோல உடம்பின் இருபுறமும் சரித்து வைத்திருக்கும். உணர்கொம்பு உடம்பின் நீளத்துக்கோ அதற்கு மேலுமோ நீண்டு முன்னோக்கி நிற்கும். இதை அந்துப்பூச்சியிலிருந்து பிரிப்பதுதான் சிக்கல். சிறகை விரலால் மெதுவாகத் தடவுங்கள்: விரலில் மாவுபோல ஒட்டினால் அது அந்துப்பூச்சியின் செதில், ஒட்டாமல், லென்ஸில் பார்க்கும்போது சிறகு முழுவதும் பூனைமயிர்போலத் தெரிந்தால் அது கேடிஸ். அந்துப்பூச்சிக்குப் பெரும்பாலும் சுருட்டி வைத்த உறிஞ்சுகுழல் இருக்கும், கேடிஸுக்கு அது இல்லை. இரண்டும் நெருங்கிய உறவினர்கள் என்பதால் குழம்புவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஸ்டோன்ஃப்ளை சிறகுகளை முதுகின்மீது தட்டையாக, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கும், உடம்பு ஒடுங்கி நீண்டிருக்கும், உணர்கொம்பு நீளம், வாலில் இரண்டு இழைகள். குளிர்ந்த, உயிர்வளி நிறைந்த, தூய்மையான நீரில் மட்டுமே இவை தழைக்கும் என்பதால், ஓர் ஓடையில் இவற்றைக் கண்டால் அந்த நீரைப் பற்றியும் நல்ல செய்தி கிடைத்ததாகக் கொள்ளலாம். பிரிட்டனில் நீரின் தூய்மையை அளக்கப் பயன்பட்டுவந்த ஒரு முறையில் பெரிய ஸ்டோன்ஃப்ளைக் குடும்பத்துக்கு 10 மதிப்பெண்ணும், கொசுபோன்ற கடிக்காத சிற்றீக் குடும்பத்துக்கு 2 மதிப்பெண்ணும் தந்திருந்தார்கள்.

அந்தச் சிற்றீக்கள் இரண்டே சிறகுள்ள வகையைச் சேர்ந்தவை. கொசு என்று பதறி அடித்துவிடுகிறோம். உட்கார்ந்திருக்கும்போது கொசு பின்கால்களைத் தூக்கி வைத்திருக்கும். சிற்றீ முன்கால்களைத் தூக்கி வைத்திருக்கும். ஆணின் உணர்கொம்பு சிறு இறகுபோலப் பஞ்சுபஞ்சாக இருக்கும். முதுகு கூனிய, குட்டையான, கறுத்த ஈ ஒன்று காதோரம் வந்து மொய்த்துக் கடித்தால் அது கருப்பு ஈ. ஓடும் நீரில் வளர்வது. அதை அடையாளம் காண உங்களுக்கு லென்ஸ் தேவைப்படாது.

இனி, தமிழர் அனைவரும் தவறு செய்யும் இடம்: ஈசல். முதல் மழைக்குப் பின் புற்றிலிருந்து கிளம்பும் ஈசலை டிரவுட்டும் ஆவலோடு தின்னும், ஆகவே அதை அறிந்துகொள்வது வீணில்லை. ஈசலின் நான்கு சிறகுகளும் ஒரே அளவு, உடம்பைவிட மிக நீளம், தொட்டால் உதிரும். உணர்கொம்பு கோர்த்த மணிமாலைபோல இருக்கும். வாலிழை இல்லை. சிறகுள்ள எறும்பும் அதே நாள்களில் பறக்கும். அதற்கு இடை ஒடுங்கியிருக்கும், உணர்கொம்பு முழங்கைபோல மடிந்திருக்கும், முன்சிறகு பின்சிறகைவிடப் பெரியது. பச்சை நிறமும் பொன்னிறக் கண்களும் வலைப்பின்னல் சிறகும் கொண்ட ஒன்று வந்தால் அது செடிப்பேன்களைத் தின்னும் நிலப்பூச்சி. கேடிஸ்போலவே சிறகைக் கூரையாக வைப்பதால் பலரை ஏமாற்றும், ஆனால் அதன் சிறகில் மயிர்ப்போர்வை இருக்காது.

நீருக்குள்

டிரவுட் தன் உணவின் பெரும்பகுதியை நீருக்குள்ளேயே எடுத்துக்கொள்கிறது. எனவே கண்ணில் பட்டது சிறகுள்ள பூச்சியே ஆனாலும், கல்லைப் புரட்டிப் பார்க்காமல் அடையாளம் முழுமை பெறாது. இதற்குக் கருவிகள் அதிகம் வேண்டியதில்லை: காலியான வெள்ளை ஐஸ்கிரீம் டப்பா ஒன்று, தேநீர் வடிகட்டி ஒன்று, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று, பள்ளிப்பிள்ளையின் அளவுகோல் ஒன்று. எவர்சில்வர் தட்டு வேண்டாம். பளபளப்பில் எதுவும் தெரியாது.

முழங்கால் ஆழத்துக்குள், நீர் கலகலத்து ஓடும் இடத்தில், இரண்டு கை அகலமுள்ள கல்லை எடுத்து டப்பாவுக்கு மேலே பிடித்து, அடிப்பக்கத்தை விரலால் மெதுவாக வழித்துவிடுங்கள். பெரிய கல்லைத் தூக்க முடியாவிட்டால், வடிகட்டியைக் கீழ்நோக்கு நீரில் பிடித்துக்கொண்டு அதற்கு மேலே உள்ள சரளையைக் காலால் கிளறலாம். டப்பாவில் விரலளவு ஓடைநீர் இருக்க வேண்டும். நீரிலிருந்து வெளியே எடுத்தால் செவுள்கள் உடம்போடு ஒட்டிக்கொண்டு ஒன்றுமே தெரியாது. நீருக்குள் விட்டால் அவை விரிந்து அசையத் தொடங்கும். அடையாளத்தின் பாதி அந்தச் செவுள்களில்தான் இருக்கிறது.

மேஃப்ளையின் இளம்பூச்சிக்கு வயிற்றின் இருபுறமும் சிறு இலைகளாகவோ குஞ்சங்களாகவோ செவுள்கள் வரிசையாக இருக்கும். வால் பெரும்பாலும் மூன்று, சிலவற்றில் இரண்டு. ஒவ்வொரு கால் நுனியிலும் ஒரே நகம். கல்லோடு தட்டையாக ஒட்டி, கண்கள் தலையின் மேற்புறத்தில் அமைந்து, நண்டுபோலப் பக்கவாட்டில் ஓடினால் அது ஒரு குடும்பம். அயிரை மீன்குஞ்சுபோல உருண்டு ஒடுங்கி, விருட்டென நீந்தினால் அது வேறு குடும்பம். ஸ்டோன்ஃப்ளையின் இளம்பூச்சிக்கு வால் எப்போதும் இரண்டு, கால் நுனியில் நகம் இரண்டு, செவுள் இருந்தால் பெரும்பாலும் கால்களின் அடியில், அக்குளில் பஞ்சுபோலத் தெரியும். வால் இரண்டா மூன்றா என்று மட்டும் பார்த்து முடிவு செய்தால் தவறிவிடும், ஏனெனில் வால் ஒடிந்துபோவது சகஜம். நகத்தையும் செவுளையும் சேர்த்துப் பாருங்கள்.

எமரால்டு நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் களைச்செடிகளுக்கிடையே கிடைத்த ஒன்றை, மூன்று வால் இருந்ததால் மேஃப்ளை என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, அதற்கேற்ற போலிப்பூச்சியைக் கட்டி ஒரு காலைப் பொழுது முழுவதையும் வீணாக்கியிருக்கிறேன். அது ஊசித்தும்பியின் இளம்பூச்சி. அதன் உடம்பின் முடிவில் மூன்று இருப்பது உண்மைதான். ஆனால் அவை இழைகள் அல்ல, நரம்போடிய மெல்லிய இலைகள். அவையே அதன் செவுள்கள். வயிற்றின் பக்கங்களில் பெரும்பாலும் எதுவும் இருக்காது. உடம்பை இடமும் வலமுமாக வளைத்து வளைத்து நீந்தும். ஐயமிருந்தால் தலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள்: தும்பி வகைகளுக்கு மடித்து வைத்த கைபோன்ற கீழுதடு இருக்கும், இரையைக் கண்டதும் அதை நீட்டிப் பற்றும். வேறெந்த நீர்ப்பூச்சிக்கும் அப்படி ஒன்று இல்லை. பெரிய தும்பியின் இளம்பூச்சிக்கு இலைவாலும் இருக்காது. அது குதவழியாக நீரை உள்ளிழுத்துச் சுவாசித்து, ஆபத்து வந்தால் அதே நீரைப் பீய்ச்சி முன்னே பாயும்.

கேடிஸின் புழு பார்வைக்குக் கம்பளிப்பூச்சிபோல இருக்கும்: தலைக்கருகே மூன்று இணைக் கால்கள், உடம்பின் கடைசியில் கொக்கிபோல ஓரிணை. பல வகைகள் மணலையும் குச்சியையும் இலைத்துண்டையும் பட்டுநூலால் ஒட்டிக் கூடு செய்து அதற்குள் வாழும். டப்பாவில் கிடக்கும் ஒரு குச்சித்துண்டு நீங்கள் பாராத நேரத்தில் அரை அங்குலம் நகர்ந்திருந்தால், அதன் ஒரு முனையில் சிறு கறுத்த தலை எட்டிப்பார்க்கும் வரை அசையாமல் காத்திருங்கள். மணல் கூட்டை லென்ஸில் பார்த்தால், ஒவ்வொரு மணியும் பக்கத்து மணியோடு பொருந்தும்படி கொத்தனார் கல் அடுக்கியதுபோல வைக்கப்பட்டிருக்கும். கூடு கட்டாமல் கற்களுக்கிடையே வலை விரித்து, நீர் கொண்டுவருவதைத் தின்னும் கேடிஸ்களும் உண்டு. கல்லைத் தூக்கியதும் சேறு படிந்த நூலாம்படைபோலச் சரிவது அந்த வலைதான்.

மற்றவற்றை விரைவாகவே சொல்லிவிடலாம். பாறையின் மேற்பரப்பில், நீர் வேகமாகப் பாயும் இடத்தில், பின்புறத்தால் ஒட்டிக்கொண்டு சிறு குப்பிகள்போல ஆடிக்கொண்டிருப்பவை கருப்பு ஈயின் புழுக்கள். அருவிபோல விழும் இடத்தில், அடியில் ஆறு உறிஞ்சுவட்டங்களோடு பாறையைக் கவ்வியிருந்தால் அதுவும் ஒருவகை ஈயின் புழுவே. பழைய செப்புக்காசுபோல வட்டமாகத் தட்டையாகக் கல்லில் பதிந்திருப்பது வண்டுப்புழு. சேற்றில் சிவந்து நெளிவது சிற்றீயின் புழு. அதன் செந்நிறம் நம் குருதியில் இருப்பதுபோன்ற ஹீமோகுளோபினால் வருவது. விரல் நீளமும், பெரிய தாடையும், பக்கங்களில் கால்போன்ற இழைகளும் உடையது டாப்சன்ஃப்ளையின் புழு. அதையும், இடுக்கிபோன்ற முன்கால் உடைய பெரிய நீர்மூட்டைப்பூச்சியையும், மல்லாந்து நீந்தும் பூச்சியையும் வெறுங்கையால் எடுக்க வேண்டாம். மூன்றும் கடிக்கும்.

பார்த்து முடித்ததும் கல்லை எடுத்த இடத்தில், முன்பு அடியில் இருந்த பக்கமே கீழே இருக்கும்படி வையுங்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அத்தகைய வெள்ளம் ஓடைப்படுகையையே புரட்டிப்போட்டாலும் பூச்சிகள் மீண்டும் குடியேறிவிடும். அதற்காக நாமும் கரை நெடுகக் கல்லைப் புரட்டிக்கொண்டே போகலாம் என்று பொருளில்லை. ஐந்தாறு கல்லுக்கு மேல் தேவைப்படுவதில்லை.

படமும் பெயரும்

வரிசையைத் தாண்டிக் குடும்பம் வரை அறிய வேண்டுமானால் நல்ல படங்கள் வேண்டும். அழகான படம் வேறு, பயன்படும் படம் வேறு. மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, தலையும் கண்ணும் தெரியும்படி முன்னிருந்து ஒன்று, வால் முழுவதும் அடங்கும்படி ஒன்று, அளவுகோலோடு ஒன்று. கைப்பேசியின் கேமராவுக்கு முன்னால் கைலென்ஸை ஒட்டிப் பிடித்தாலே சிறகின் நரம்புகள் தெளிவாகப் பதிவாகும். இளம்பூச்சியை நீரோடு டப்பாவில் வைத்தே எடுங்கள். வெயில் நேராக விழாதபடி உங்கள் உடம்பால் நிழல் தாருங்கள், இல்லையென்றால் நீர்ப்பரப்பின் மினுக்கம் மட்டுமே படத்தில் இருக்கும். தோலுரித்த வெற்றுத்தோல் கிடைத்தால் அதையும் படமெடுங்கள். உயிரோடு ஓடும் பூச்சியைவிட அசையாத தோலில் நகமும் வாலும் நன்றாகத் தெரியும்.

ஐநேச்சுரலிஸ்ட் தளத்திலும், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டலிலும் படங்களை ஏற்றினால் விவரமறிந்தவர்கள் பார்த்துச் சொல்ல வாய்ப்புண்டு. அவலாஞ்சிப் பக்கம் சிக்னல் கிடைப்பது அரிது. கைப்பேசியில் இருப்பிடப் பதிவை மட்டும் முன்கூட்டியே இயக்கி வைத்துவிட்டு, ஊட்டிக்குத் திரும்பிய பின் ஏற்றிக்கொள்ளலாம். ஐநேச்சுரலிஸ்ட் செயலி தானாக முன்மொழியும் பெயரை அப்படியே ஏற்காதீர்கள். அது கற்றுக்கொண்ட நீர்ப்பூச்சிப் படங்களில் அமெரிக்காவும் ஐரோப்பாவும் முந்தி நிற்பதால், நீலகிரிப் பூச்சிக்கு இங்கிலாந்து ஆற்றின் பெயரைத் துணிந்து சூட்டிவிடும்; பழைய தூண்டில் நூல்கள் செய்த அதே தவறு. ‘இதன் வரிசை இது’ என்ற அளவுக்கு மட்டும் அதை நம்புங்கள்.

பூச்சியைச் சாராயத்தில் போட்டு எடுத்து வரும் வழக்கம் சிலருக்கு உண்டு. முக்கூர்த்தி தேசியப் பூங்காவின் எல்லைக்குள் உரிய அனுமதியின்றி எந்தக் காட்டுயிரையும் எடுத்துச் செல்ல 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருவதில்லை. பூச்சிக்கும் இது பொருந்தும். பூங்காவுக்கு வெளியிலும் வனத்துறையிடமும் மீன்வளத்துறையிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டு, அனுமதி பெற்ற இடத்தில் மட்டும் தூண்டில் போடுங்கள். அப்படி அனுமதியோடு ஒன்றைச் சேமிக்க நேர்ந்தால், சீட்டைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை சாராயத்தில் கரைந்துவிடும். டிரவுட்டைச் சமையலுக்காக எடுத்து வைத்திருந்தால், அதன் இரைப்பையைக் கீறி, உள்ளிருப்பதை வெள்ளை டப்பாவில் நீர்விட்டு அலசிப் பாருங்கள். மீன் அன்று உண்மையில் எதைத் தின்றது என்பதற்கு அதைவிட நேரான சாட்சி கிடையாது.

போலிப்பூச்சியைத் தேர்ந்தெடுக்கும்போது

அடையாளம் கண்டதைத் தூண்டிலில் பயன்படுத்தும்போது முதலில் அளவு, பிறகு உருவம், அதன் பிறகு அசைவு, கடைசியாகத்தான் நிறம். வால் நீங்கலாக உடம்பின் நீளத்தை அளவுகோலில் பாருங்கள். அதே நீளமுள்ள தூண்டில் முள்ளைத் தேர்ந்தெடுங்கள். முள்ளின் எண் கூடக்கூட முள் சிறிதாகும் என்பதைப் புதியவர்கள் நினைவில் வைக்க வேண்டும். டன் என்றால் நிமிர்ந்த சிறகோடு மிதக்கும் போலி. ஸ்பின்னர் என்றால் முட்டையிட்டு ஓய்ந்து, சிறகை இருபுறமும் விரித்து நீரோடு ஒட்டிக் கிடப்பதுபோன்ற போலி. கேடிஸ் என்றால் கூரைச் சிறகுள்ளதை எடுத்து, இடையிடையே சிறிது இழுத்துவிடலாம். ஸ்டோன்ஃப்ளை என்றால் கல்லோரமாக ஆழத்தில் உருட்டுங்கள். ஈசல் பறந்த நாளில் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். மீன் எதையும் கடிக்கும்.

என் சட்டைக் கையில் தோலுரித்த பூச்சியின் படங்களை ஊட்டிக்கு வந்து கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். வால் இரண்டு, முன்சிறகுக்குப் பின்னால் நகத்துணுக்குபோல் ஒரு குட்டிப் பின்சிறகு. தலையில் வழக்கமான இரண்டு கண்களுக்கு மேலே, செம்பழுப்பு நிறத்தில் இரண்டு பெரிய தலைப்பாகைகளைக் கவிழ்த்து வைத்ததுபோல இன்னோர் இணைக் கண்கள் இருந்தன. அந்தத் தலைப்பாகைக் கண்கள் மேஃப்ளைகளில் பேடிஸ் என்ற குடும்பத்து ஆணுக்கு உரியவை. பறக்கும் கூட்டத்தில் தன் தலைக்கு மேலே செல்லும் பெண்பூச்சியைக் கண்டுகொள்ள அவை உதவுகின்றன. குறிப்பேட்டில் அன்றைய பக்கத்தில் ‘ஈசல்?’ என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, ‘மேஃப்ளை, பேடிஸ் குடும்பம், ஆண், 6 மில்லிமீட்டர், மாலை, மழைக்குப் பின், ஓடும் நீர்’ என்று எழுதினேன். சட்டையில் ஒட்டியிருந்த தோலைத் தேடியபோது காணவில்லை. வழியில் எங்கோ காற்றில் போயிருந்தது.